தலையில் சிவப்பு வைத்த எட்டு போல்ட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து பத்து. மீன் பையோடு கேட்டைத் திறந்து உள்ளே வந்தேன். போர்ட்டிகோவில் கார் இல்லை. ஏழு மாதமாக அங்கேயே நின்று, சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறையால் தன் உருவத்தை வரைந்து வைத்திருந்த கார். அந்தக் கறைக்குள், முன் இடது சக்கரம் இருந்த இடத்தில், ஒரு போல்ட்டின் தலை மட்டும் கிடந்தது.

குனிந்து எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பாரம் தாங்காமல் இழுபட்டு உடைந்த இரும்பு கழுத்து மெலிந்து, மங்கலாக, நார் நாராக இருக்கும். இதற்குக் கழுத்து மெலியவில்லை. கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக மின்னியது. வண்டி ஓடாமல், யாரும் தொடாமல், நின்ற இடத்தில் தானாகவே உடைந்த போல்ட். மேலே 12.9 என்ற வலிமை எண். பக்கத்தில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த கம்பெனியின் முத்திரை.

மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தவிர எங்கள் சாரம் பகுதியில் அன்று வேறு சத்தமே இல்லாதது போல இருந்தது.

குவாலிட்டி செக்‌ஷனில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போல்ட்டுக்குப் பூச்சு பூசி, பிளேட்டிங் செய்து கொடுக்கும் இடத்திலிருந்து இப்போது ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறதாம். அடுப்பின் சூடு, நேரம் எல்லாம் அதில் இருக்கிறதாம். அப்புறம் எதற்கு இரண்டு நாள் போல்ட்டை முறுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்தச் சோதனையை எடுத்துவிடலாமா, நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார்கள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் பேனா அந்தப் பத்து பத்துக்கே போய் நிற்கிறது.

டிப்ளமோ முடித்து எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. முதல் இரண்டு வருடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெய் வாசனை, மதியச் சாப்பாட்டிலும் அதே எண்ணெய் வாசனை, வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்த அளவுகள். மூன்றாவது வருடம் என்னைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். அங்கே அந்துவான் சார் இருந்தார்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம். அப்பாவின் பென்ஷன் பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்திலும், சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கையிலிருக்கும் போல்ட்டைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் போல்ட்டைத் தலைகீழாக நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். நாங்கள் அவசரப்பட்டால் "தூஸ்மான், மல்லிகா, தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். யார் மேலும் குரல் உயர்த்தியதில்லை. ரிஜெக்ட் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தால், ஒன்றாக வந்த அந்த லாட் முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். கையெழுத்தோடு மணியும் நிமிடமும் எழுதுவார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அறையின் மூலையில் நான்கு விரல் கனத்துக்கு ஓர் இரும்புப் பலகை இருந்தது. அதில் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் பன்னிரண்டு போல்ட்டுகளை எடுத்து அதில் மாட்டி, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டு, இரண்டு நாள் ஒன்றும் செய்யக்கூடாது. அவ்வளவுதான் சோதனை. ஒன்றும் செய்யாமல் இருப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாளானது. ஜன்னல் வெயில் பலகையின் மேல் ஏறி, பன்னிரண்டு தலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுச் சுவரில் இறங்கிப்போகும். அவை பூஜைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் போல அசையாமல் இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நேரம் என்பது ஓடுகிற பொருளாகத் தெரியாது. தொட்டியில் தேங்கிய தண்ணீர் மாதிரி, என்னைச் சுற்றி நிற்கும்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். துரு பிடிக்காமலிருக்க போல்ட்டுக்கு ஜிங்க் பூசுவார்கள். அதற்கு முன் அமிலத்தில் முக்குவார்கள். அப்போது ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. மிகவும் கடினமாக்கப்பட்ட இரும்புக்கு அது விஷம். பூச்சு முடிந்த நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, நீண்ட நேரம் சூட்டில் வைத்து அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். தவறினால் போல்ட் வெளியே ஒரு குறையும் காட்டாது. கடினம் சரியாக இருக்கும். இழுத்துப் பார்த்தால் தாங்கும். முறுக்கி வைத்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போன பிறகு, பத்து மணி நேரம் கழித்தோ முப்பது மணி நேரம் கழித்தோ, சும்மா இருக்கும்போது உடையும்.

ஆறு வருடத்துக்கு முன் அப்படி ஒரு லாட் வந்தது. டிராக்டர் டிரெய்லருக்குப் போக வேண்டிய 12.9 போல்ட்டுகள். பிளேட்டிங் செய்த இடத்தில் அன்று கரண்ட் போயிருக்கிறது. அடுப்பு மறுநாள் காலையில்தான் சூடாகியிருக்கிறது. காகிதத்தில் அதெல்லாம் இல்லை. காகிதம் சுத்தமாக இருந்தது. லாரி ஓட்டி வந்தவர் டீ குடிக்கும்போது, ராத்திரியெல்லாம் அங்கே புழுக்கத்தில் தூங்க முடியவில்லை, ஃபேன் ஓடவில்லை என்று யாரிடமோ அலுத்துக்கொண்டார். அது என் காதில் விழுந்தது. அந்துவான் சாரிடம் சொன்னேன். அவர் கை கழுவப் போனார்.

மற்ற எல்லாச் சோதனையும் பாஸ். பன்னிரண்டை மட்டும் பலகையில் முறுக்கினேன். அடுத்த நாளே டெஸ்பாட்ச் மேனேஜர் வந்து வாசலில் நின்றார். டிரெய்லர் கம்பெனியில் லைன் நிற்கிறது, அங்கே தினமும் அவருக்குத்தான் திட்டு விழுகிறது. நாற்காலியில் சாய்ந்திருந்த என்னையும் மூலையிலிருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா மேடம், முட்ட அடகாக்குறீங்களா? பொரிச்சதும் சொல்லுங்க, வந்து பாக்குறேன்."

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்துவான் சார் மட்டும் தலை நிமிரவில்லை. மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. அவர் ஒரு நாற்காலியைப் பலகைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் யாரும் அதிகம் பேச முடியாது.

இரண்டாம் நாள் மதியம் மூன்று இருபது. முறுக்கி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. மேசையில் ஊசி விழுந்தது போல ஒரு சத்தம். ஏழாவது துளையின் தலை பலகையிலிருந்து எகிறி, தரையில் உருண்டு, என் செருப்பில் வந்து நின்றது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதினார். மாலைக்குள் இன்னும் மூன்று உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் மணி எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டு, இரண்டு கோடு இழுத்தார்.

ரிஜெக்ட் ஆன லாட் நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைப்போம். கையால், ஒன்றொன்றாக. மூன்று நாள் அதே வேலை. கண்ணை மூடினாலும் சிவப்புப் புள்ளிகளாகவே தெரிந்தன. நட்சத்திரம் மாதிரி. நான் நிறுத்தி வைத்த போல்ட்டுகள் என்று நினைக்கும்போது உள்ளே ஏதோ மிதந்தது. அதற்கு முன்னும் பின்னும் என் வேலையில் அவ்வளவு பெரிய சரியான காரியம் எதுவும் நான் செய்யவில்லை.

இங்கேதான் என் செக்‌ஷன்காரர்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் லாட் முழுவதும் வெட்டப்பட்டு உருக்கப் போக வேண்டும் என்பது விதி. ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அதிலிருந்து எட்டு போல்ட்டுகளை நான் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். கேட்டில் பை பார்க்கிற பெண் என் பையை ஒரு நாளும் திறந்ததில்லை. குவாலிட்டி மேடத்தின் பையை யார் திறப்பார்கள்? எனக்கு அவற்றால் ஒரு உபயோகமும் கிடையாது. நினைவுக்காக எடுத்தேன். மைக்ரோமீட்டர், பழைய ஸ்பேனர்களோடு ஒரு தகர டப்பாவில் வைத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டப்பாவைத் திறந்து, எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். அந்த எட்டுக்கும் சேர்த்துத்தான் வைப்பேன். என் மகள் கயல் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கயலுக்கு இப்போது இருபத்து மூன்று. வண்டி சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை. நண்பன் இம்ரானும் அவளும் சேர்ந்து எங்கள் போர்ட்டிகோவில் கார் செய்ய ஆரம்பித்தார்கள். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம், பழைய காரிலிருந்து எடுத்த என்ஜின், இரண்டே சீட். சட்டம் மட்டும் தயாராகி நின்ற நாட்களில் எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார், "கயலு, கட்டிலு எப்ப ரோட்டுக்கு வரும்?" என்று. "உங்களத்தான் மாமா மொதல்ல படுக்க வச்சி இழுத்துட்டுப் போவேன்" என்பாள் இவள். நானும் என் மகளும் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தக் கார் மூன்றாவது ஆளாக வளர்ந்தது. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டிலிருந்த எனக்கு, மாலையில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்கும். பயமாகவும் இருக்கும்.

சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு என்ன போல்ட் என்று என்னிடம்தான் கேட்டார்கள். இம்ரான் 12.9 போடலாம் என்றான். நம்பர் பெரிசா இருந்தா நல்லதுதானே ஆன்ட்டி என்றான். நான் ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தேன். முதல் எண், உடையாமல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. புள்ளிக்குப் பின்னால் வருவது, உடைவதற்கு எவ்வளவு முன்பே நீண்டு கொடுக்கும் என்பது. ஒன்பது என்றால், உடைகிற பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வந்ததும் நீள ஆரம்பிக்கும்.

"சக்கரத்துல இருக்கறது வளைஞ்சி காட்டணும்டா," என்றேன். "வளைஞ்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், நீ நிறுத்திடுவ. பட்டுன்னு ஒடையறது ஒனக்கு ஒண்ணும் சொல்லாது."

பின் எண் ஒன்றாக இருந்தாலும் 12.9 அதிகக் கடினம், வளையாமல் உடையும் என்று சொல்லி 10.9 வாங்கச் சொன்னேன். வாங்கி வந்தார்கள். அதில் இரண்டை நானே திருப்பி அனுப்பினேன். சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்க்கிற இரும்புக் கையின் பிராக்கெட்டுக்குள், போல்ட்டின் மரை இல்லாத வழுவழுப்பான பகுதிதான் இருக்க வேண்டும். மரை இருந்தால் அதன் பள்ளத்தில் வெடிப்பு ஆரம்பிக்கும். அவர்கள் வாங்கிய நீளமான போல்ட்டுகளில் தலைவரை மரை. மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கடையில் அந்த அளவு திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அது சனிக்கிழமை. ஓட்டிப் பார்க்கக் காரை ஏற்றிப் போக வேண்டிய டெம்போக்காரர் ஞாயிறு மட்டும்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார். சனி மாலை நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கயல் தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் வண்டி எடுக்க மாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பத்து பத்துக்கு வருகிறேன்.

உள்ளே போய்த் தகர டப்பாவைத் திறந்தேன். ஆறு இருந்தன. டப்பா பக்கத்தில் வெர்னியர் அளவுகோல் வாய் திறந்தபடியே கிடந்தது. அது காட்டிய அளவைப் பார்த்தேன். வழுவழுப்பான பகுதியின் நீளம், மில்லிமீட்டர் பிசகாமல், நான் கேட்ட நீளம். ஒரு கிண்ணத்தில் பெயிண்ட் கரைக்கும் தின்னர். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு பழைய துணி. துணியில் சிவப்பு.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகள் நான் கண்டிப்பாகச் சொன்னதை மீறவில்லை. மரை பிராக்கெட்டுக்குள் வரக் கூடாது என்றேன், அளந்து பார்த்து எடுத்திருக்கிறாள். நம்பர் நான் சொன்னதைவிடப் பெரிது, குறையவில்லை. அம்மாவின் கம்பெனி முத்திரை. அம்மா வருடா வருடம் பூஜை செய்து பாதுகாக்கிற போல்ட். தலையிலிருந்த சிவப்பு ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு என்று நினைத்திருக்கிறாள். பார்த்துத்தானே வளர்ந்தாள். எண்ணெயோடு இறுகிப்போன பொட்டு என்று தின்னரால் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறாள்.

இரண்டில் ஒன்று போர்ட்டிகோவிலேயே உடைந்துவிட்டது. தலை போனாலும் தண்டு துளைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தால் தெரியாது. இன்னொன்று அவள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இருக்கிறது.

போன் செய்தேன். கிடைக்கவில்லை. அவள் வீடியோ எடுக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவாள். இம்ரானின் போன் அடித்து அடித்து நின்றது. எங்கே போயிருப்பார்கள்? கிரவுண்டு என்றுதான் எப்போதும் சொல்வாள். எந்தக் கிரவுண்டு என்று நான் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் ஓடினேன். எட்டு மணிக்கு டெம்போவில் ஏற்றினார்கள், மேட்டுப்பாளையம் பக்கம் என்று சொன்ன மாதிரி இருந்தது என்றார். அவர் முகமும் மாறிவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நீ இங்கயே இரும்மா, அவங்க வந்துட்டா யாராவது இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தேன். அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போர்ட்டிகோ படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் எண்ணெய்க் கறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்தது. தெரு முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல இருந்தது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது, நின்றது. யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார். என் கண் முன்னால் அந்தக் கனத்த இரும்புப் பலகை வந்து நின்றது. ஒரு துளையில் மட்டும் போல்ட். அதைச் சுற்றி வெளிச்சம். அதன் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். ஊசி விழுகிற சத்தத்துக்காக வேலைக்காலம் முழுவதும் காது கொடுத்துப் பழகியவள் நான். அன்று அந்தச் சத்தம் வரக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். எங்கோ அது ஏற்கெனவே வந்து முடிந்திருக்கும், எனக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்றும் தோன்றியது.

ஆறு வருடத்தில் வாயு வெளியேறியிருக்காதா என்று பின்னால் இம்ரான் கேட்டான். வெளியேறியிருக்கலாம். ஜிங்க் பூச்சு மூடி வைத்திருக்கலாம். எங்கள் ஊர்க் கடற்காற்றும் சேர்ந்து கெடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உடைந்தது என்பது மட்டும் தெரியும்.

பன்னிரண்டு ஐந்துக்கு இம்ரான் கூப்பிட்டான். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. கயலு நல்லாத்தான் இருக்கா. டெம்போ ஏத்திக்கிட்டு இருக்கோம்" என்றான். அவளிடம் கொடு என்றேன். அவ இப்ப பேசல ஆன்ட்டி என்று சொல்லி வைத்துவிட்டான். நல்லா இருக்கிற பிள்ளை ஏன் பேசவில்லை? அதற்குப் பிறகான முக்கால் மணி நேரம்தான் நீளம்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு டெம்போ தெருவில் திரும்பியது. பின்னால் எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர். கார் மேலே கட்டப்பட்டிருந்தது. முன் இடது சக்கரம், சுளுக்கிய பாதம் போல உள்பக்கமாக மடிந்து கிடந்தது. இம்ரான் குதித்து இறங்கி, நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தான். பூட்டிக் கிடந்த ஒரு கம்பெனியின் மைதானம். இருபது கிலோமீட்டர் வேகம்தான். நாலு ரவுண்டு நன்றாக ஓடியது. ஐந்தாவதில் திரும்பும்போது சக்கரம் படுத்துவிட்டது. வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டே போய், மதில் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். அவன் சொல்லச் சொல்ல நான் டெம்போவின் முன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயல் மெதுவாக இறங்கினாள். வலது மணிக்கட்டில் துண்டைச் சுற்றியிருந்தாள். புருவத்தில் ஒரு சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ளத்தான் எழுந்தேன். என் கை தானாகப் போல்ட்டின் தலையை அவள் முன்னால் நீட்டியது. வாயில் வந்தது வேறு.

"அந்த டப்பாவத் தொட யாருடி சொன்னா ஒனக்கு? தலையில இருந்தது பூஜைப் பொட்டு இல்ல. ரிஜெக்ட் மார்க்கு. நானே கையால வச்சது."

அவள் என் கையிலிருந்ததை வாங்கினாள். உடைந்த முகத்தைத் திருப்பி, நான் பார்ப்பது போலவே, வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ரிஜெக்டுன்னு தெரிஞ்சும், அத ஏம்மா நம்ம வீட்ல வச்சிருந்த?"